அபெரிஸ்ட்வித் பேய்ப்பட விழா: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். வேல்ஸில் அபெரிஸ்ட்வித் கலை மையத்தில் 2006 முதல் நடந்துவரும் அபெர்ட்வார் (Abertoir) திகில் பட விழாவுக்கு இந்த நவம்பரில் அம்மாவைக் கூட்டிப்போக ஆசை. ஊரிலிருந்து வருகிறார், பேய்ப்படம் என்றால் அவருக்கு உயிர். பழைய படங்களும் புதியவையும் கலந்து பல நாள் ஓடும். பழைய திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸைக் காவல் தெய்வமாகவே கொண்டாடுகிற விழா அது. அம்மாவுக்கும் அவர் குரல் அவ்வளவு பிடிக்கும்.

பர்மிங்காமிலிருந்து நேர் ரயில் இருக்கிறது, அது சரி. ஆனால் கலை மையம் பல்கலைக்கழக வளாகத்தில், குன்றின் மேல். முழங்கால் வலியோடு அம்மாவால் அந்த ஏற்றத்தில் நடக்க முடியாது. இரவுக் காட்சி முடிந்து கீழே இறங்க பஸ் கிடைக்குமா, டாக்ஸிக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டுமா? மேலேயே தங்க இடம் உண்டா? அப்புறம், முழு விழா பாஸ் வாங்காமல் தனிப் படத்துக்கு டிக்கெட் எடுக்கலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.