கல்லூரியில் படித்துக்கொண்டே தன்னார்வப் பணி: எதில் சேர்ந்தால் உண்மையில் பயன்?

செங்கை மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் இளங்கலை முதலாண்டு படிக்கிறேன். தினமும் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்துபோவதால், இரவு எட்டு மணிக்கு மேல் வெளியில் இருக்க எனக்கு இயலாது. நாட்டு நலப்பணித் திட்டம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம் ஆகிய மூன்றுக்கும் வகுப்பில் படிவம் தந்திருக்கிறார்கள். மூத்த மாணவிகளைக் கேட்டால், "சான்றிதழ் வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடு, எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்க என்னால் முடியும். அந்த நேரம் யாருக்காவது மெய்யாகவே உதவ வேண்டுமானால், வளாகத்துக்குள்ளோ வெளியிலோ எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

முன்னாள் திட்ட அலுவலர்

நாட்டு நலப்பணித் திட்ட அலகு ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் தொடங்கிய திட்டம் இது. இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொள்ள வேண்டும். வாரக்கணக்கில் பார்த்தால் நீங்கள் ஒதுக்க நினைக்கும் நேரம் இதற்குப் போதும்.

உங்கள் மூத்த மாணவிகள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பேரணியில் பதாகை பிடித்து நடப்பதும், ஒளிப்படம் எடுத்து முடிந்ததும் கலைந்துபோகும் துப்புரவுப் பணியும் பல அலகுகளில் மணிக்கணக்கை நிரப்புகின்றன. ஆனாலும் சிறப்பு முகாமைத் தவறவிடாதீர்கள். ஒரு ஊரில் ஏழு நாள் தங்கி வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர், பள்ளியை விட்டு நின்ற பிள்ளை, பெயர் சேராத குடும்ப அட்டை என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். அந்த மனுக்களை எழுதிக் கொடுத்து, முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து விசாரிக்கும் அலகா என்பதை மட்டும் சேருமுன் கேட்டறியுங்கள். அதற்கு வரும் பதிலிலேயே அலகின் தரம் தெரிந்துவிடும்.

இரத்த தானத்தைப் பொறுத்தவரை, 18 வயதும் 45 கிலோ எடையும் ஹீமோகுளோபின் 12.5 கிராமும் இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். பெண்களுக்கு ஒரு தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 120 நாள் இடைவெளி வேண்டும். முகாம்களில் மாணவிகள் பலர் ஹீமோகுளோபின் குறைவால் திருப்பி அனுப்பப்படுவது வழக்கம். ஆகவே முதலில் உங்கள் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு மாணவன்

நான் பார்வையற்றவன், தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். எனக்கு முன் எழுதியவர் குறிப்பிடாத ஒரு பணி உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்குத் தேர்வில் நாங்கள் சொல்வதை எழுதித் தர ஆள் தேவை. பள்ளிப் பொதுத்தேர்வுக்கு ஆசிரியர்களை அரசே அமர்த்திவிடுகிறது. கல்லூரிக்கு வந்ததும் பெரும்பாலும் நாங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வருவதாகச் சொன்னவர் தேர்வுக்கு முந்தைய இரவு "நாளை வர இயலவில்லை" என்று செய்தி அனுப்புவது எங்களில் பலருக்குப் பழகிப்போன ஒன்று. அப்போது அந்தத் தாளே நிலுவையாகிவிடக்கூடும்.

மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, தேர்வர் தாமே அழைத்துவரும் எழுத்தரின் கல்வித் தகுதி தேர்வரின் தகுதிக்கு ஒரு படி குறைவாக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நீங்கள் இளங்கலைத் தேர்வருக்கு எழுதலாம் என்பது இதனால் பெறப்படும். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைப்பதால், மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு நிபந்தனை விதிப்பதுண்டு. எனவே தேர்வுப் பிரிவில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அழகான கையெழுத்து இதற்கு இரண்டாம்பட்சம். வினாவை முழுவதுமாக, மதிப்பெண்ணையும் "அல்லது" என்று வரும் மாற்று வினாவையும் விடாமல் நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும். நாங்கள் சொல்லாத ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கக் கூடாது. சொன்ன விடை தவறு என்று தெரிந்தாலும் அது உங்கள் குரலில் வெளிப்படக் கூடாது. தேர்வுக்குச் சில நாள் முன்பே ஒருமுறை சந்தித்து, தேர்வர் எந்த வேகத்தில் சொல்வார், மேற்கோள்களை எப்படி அமைக்கச் சொல்வார் என்பதையெல்லாம் பழகிக்கொண்டால், தேர்வறையில் இருவருக்கும் பதற்றம் இராது.

தேர்வில்லாத மாதங்களில் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து தரலாம். வருடிய பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றும்போது தமிழில் துணைக்கால் "ர" ஆகவும், "ர" துணைக்காலாகவும் மாறிவிடுவது உண்டு. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளான திரை வாசிப்பான் அதை அப்படியே படிக்கும்போது எங்களுக்கு ஒன்றும் விளங்காது. இந்தப் பிழைகளைத் திருத்தித் தருவதை ரயிலில் அமர்ந்தபடியே செய்யலாம்.

கடற்கரை நடையர்

என் விருப்பம் வேறு. 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று சென்னையில் உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் இரவில் நடந்து, நாய்களிடமிருந்து முட்டைகளைக் காக்க அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஆனால் நடை முடிய விடியற்காலை ஆகிவிடும் என்பதால் உங்கள் நிலைமைக்கு ஒத்துவராது. சுமார் 45 முதல் 60 நாளில் பொரிந்துவரும் குஞ்சுகளை மாலையில் கடலில் விடும்போது வேண்டுமானால் போய்ப் பாருங்கள். அது வேடிக்கை பார்ப்பதுதான், பணி என்று நான் சொல்ல மாட்டேன்.

பகலில் செய்யக்கூடியதென்றால், பொங்கலையொட்டி நான்கு நாள் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பைச் சொல்லலாம். உங்கள் கல்லூரி மரத்தடியிலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும்.

செங்கை மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. தேர்வெழுதித் தரும் பணியில் என் மனம் போகிறது. ஆனால் எனக்கும் அதே நாள்களில்தானே பருவத் தேர்வு வரும்? மேலும் நான் வணிகவியல் மாணவி. வரலாறோ இலக்கியமோ தெரியாமல் எழுத முடியுமா?

ஆய்வு மாணவன்

பாடம் தெரியாதிருப்பது நல்லதே, தங்கை. எழுத்தர் விடை சொல்லிக்கொடுத்தார் என்ற ஐயத்துக்கே அப்போது இடமிராது. ஊர்ப்பெயர், ஆட்பெயர் வரும்போது எழுத்துக்கூட்டிச் சொல்லுமாறு தயங்காமல் கேளுங்கள். காலையில் உங்களுக்குத் தேர்வு இருந்தால் பிற்பகலில் எழுதித் தர முயலாதீர்கள், கை ஓய்ந்துவிடும். தேர்வு அட்டவணை வெளியான அன்றே, உங்களுக்குத் தேர்வில்லாத நாள்களைக் குறித்துக் கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டே நாள்கள்தான் இருக்கின்றன என்றாலும் அந்த இரண்டை மட்டும் சொல்லுங்கள். பத்து நாளுக்கு ஒப்புக்கொண்டு ஒரு நாள் வராதவரைவிட, இரண்டு நாளுக்கு ஒப்புக்கொண்டு இரண்டிலும் வருபவரைத்தான் நாங்கள் தேடுகிறோம்.