ஆறாயிரத்துக்குள் மூடிய ஹெட்போன்: எது வாங்கலாம்?

கேள்வி:
ஒரே அறையில் தம்பி பரீட்சைக்குப் படிக்கிறான். சத்தம் வெளியே கசியாத, பின்பக்கம் மூடிய ஹெட்போன் வேண்டும். நான் கேட்பது கதம்பம்: மிருதங்கத் தனி, எண்பதுகளின் சினிமாப் பாட்டு, தம்பி தூங்கியதும் கொஞ்சம் மெட்டல். எல்லாமே போனில்தான். பழையது எட்டே மாதத்தில் கீல் உடைந்து, இன்சுலேஷன் டேப்பில் உயிரோடு இருக்கிறது. ஆறாயிரம் வரை போகலாம்.

பதில்:
ஆடியோ-டெக்னிகா எம்20எக்ஸ் பாருங்கள். மின்தடை (இம்பீடன்ஸ்) 47 ஓம்தான், போனே தாராளமாக ஓட்டும். பாஸை, அதாவது அடி ஒலியை, ஊதிக் காட்டாது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியும் வலப்பக்க வலந்தலையும் தனித்தனியாகக் கேட்கும், அதுதான் எனக்கு முக்கியம். வயர் 3 மீட்டர், கழற்ற முடியாது. மேசைக்குச் சரி, பஸ்ஸுக்கு ஆகாது.

இன்னொரு பதில்:
கண்ணாடி போடுவீர்களா? மூடிய ஹெட்போனில் குஷன் காதைச் சுற்றி இறுக்கமாக உட்கார வேண்டும். கண்ணாடிக் காம்பு இடைவெளி விட்டால் பாஸ் அதன் வழியே போய்விடும். கடையில் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
கண்ணாடிதான்! பழையதில் பாஸே இல்லை என்று இத்தனை நாள் ஹெட்போனைத் திட்டிக்கொண்டிருந்தேன். சரி, செகண்ட் ஹேண்டில் பேயர்டைனமிக் டிடி 770 ஒன்று வருகிறது, எடுக்கலாமா?

பதில்:
எத்தனை ஓம் என்று முதலில் கேளுங்கள். 250 என்றால் போனில் முனகத்தான் செய்யும், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் தனியாக வாங்க வேண்டிவரும். 80 என்றால் பரவாயில்லை. அப்புறம், குஷன் நைந்திருந்தால் புதுக் குஷனின் விலையையும் கழித்துப் பேசுங்கள்.