மைக்ரோ அக்ரெஷன்: "நுண்வன்முறை" வேண்டாம், "ஓரச்சொல்" சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்,

நம் பயிற்சிக் கைநூலின் சொல்லடைவில் மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டது. துவேசம், பாரபட்சம், பன்மைத்துவம் எதிலும் பெரிய சண்டை வரவில்லை (பிரெஜுடிஸ் என்பதற்கு முற்சாய்வா தப்பெண்ணமா என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கடுப்பு இருக்கிறது, அது கிடக்கட்டும்). மைக்ரோ அக்ரெஷன் மட்டும் இழுபடுகிறது, அதாவது ஒருவருடைய கூட்டத்தை வைத்து அன்றாடப் பேச்சிலும் நடத்தையிலும், பெரும்பாலும் செய்கிறவருக்கே தெரியாமல் வரும் சின்ன அவமதிப்பு. இதுவரை வந்த மூன்று சொல்லும் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் நுண்ணாக்கிரமிப்பு. சென்னையிலிருந்து எழுதிய நண்பர் கோபிக்கக் கூடாது, இங்கே இலங்கையில் ஆக்கிரமிப்பு என்றால் காணி, அதாவது நிலம். இராணுவம் பிடித்து வைத்திருக்கும் காணி, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மதிலைத் தள்ளிக் கட்டி எடுத்துக்கொண்ட அரைப் பேர்ச் (இங்கே காணியை அளக்கும் சிறிய அளவு). நுண்ணாக்கிரமிப்பு என்று போட்டால் கால் பேர்ச் போய்விட்டது என்றுதான் நம் ஆட்கள் நினைப்பார்கள்.

குத்தல் பேச்சு நல்ல தமிழ்தான். ஆனால் குத்திப் பேசுகிறவருக்குத் தான் குத்துவது தெரியும், தெரிந்துதான் குத்துகிறார். நாம் பேர் வைக்கப் பார்க்கிற விசயம் வேறு. கந்தோரில் ஒருவர் சிரித்துக்கொண்டே "உங்களைப் பார்த்தால் தமிழ் ஆள் மாதிரியே இல்லை" என்கிறார். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எத்தனையோ முஸ்லிம் பெண்களிடம் கூட வேலை செய்கிறவர்கள் "நீங்கள் அவர்களைப் போல இல்லை" என்று ஆறுதல் சொன்னார்கள். மலையகத்து ஹட்டனிலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் கடையில் நிற்கும் பிள்ளையிடம் நம்மவரே ஒருவர், "மலையகமா? கதையில தெரியவே இல்லையே" என்கிறார். மூன்றையும் சொன்னவர்கள் பாராட்டியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான், ஆளைத் தூக்கிவிடுவதுபோல் அவருடைய கூட்டத்தையே கீழே தள்ளுவது. கேட்டவர் திருப்பி ஏதாவது சொன்னால், "நல்லதாகத்தானே சொன்னேன், இதுக்கு ஏன் முகத்தைத் தூக்குகிறீர்கள்" என்று அடுத்தது வரும்.

அப்புறம் நுண்வன்முறை. பெரும்பாலானவர்கள் இதைத்தான் ஆதரிக்கிறீர்கள் என்று தெரியும், ஆனாலும் எனக்கு இது ஒத்துவரவில்லை. இந்த நாட்டில் வன்முறை என்ற சொல்லோடு 1983 ஜூலையில் தமிழர்கள் மீதும், 2014 அளுத்கமையிலும் 2018 திகனவிலும் முஸ்லிம்கள் மீதும் நடந்த தாக்குதல்களும் சேர்ந்தே வரும். பயிற்சிப் பட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், நீங்கள் நேற்றுச் சொன்ன பாராட்டும் ஒரு வகை வன்முறை என்று வளவாளர் (பயிற்சி நடத்துகிறவர்) சொன்னால், அந்த ஆள் அதோடு காதைப் பொத்திக்கொள்வார். வீடு எரிந்ததைப் பார்த்தவருக்கோ அது தன் கதையைச் சில்லறையாக்கியது போலிருக்கும். ஆங்கிலத்திலேயே இந்தச் சிக்கல் உண்டு. ஹார்வர்டின் உளமருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் மைக்ரோ அக்ரெஷன் என்ற சொல்லை உண்டாக்கியபோது, அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் அன்றாடம் வாங்கிக்கொண்டிருந்த சின்னச் சின்ன அவமதிப்புகளை மனதில் வைத்திருந்தார். 2007இல் உளவியலாளர் டெரால்ட் விங் சூவும் அவரோடு சேர்ந்தவர்களும் அதை மூன்று வகையாகப் பிரித்தார்கள். வேண்டுமென்றே செய்வதும் அதில் ஒரு வகை, ஆனால் மற்ற இரண்டும் பெரும்பாலும் செய்கிறவருக்கே தெரியாமல் நடப்பவை. 2017இல் ஸ்கொட் லிலியன்ஃபெல்ட் என்ற உளவியலாளர், அக்ரெஷன், அதாவது தாக்குதல், என்றாலே எண்ணத்தோடு செய்வது என்றாகிவிடுகிறதே என்று கேட்டார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை, இது மட்டும் நியாயமான கேள்வி. அங்கே ஒட்டிக்கொண்ட பிழையை நாம் ஏன் பாடுபட்டுத் தமிழுக்கு இறக்க வேண்டும்?

என் முன்மொழிவு ஓரச்சொல். ஓரம் என்பதற்குப் பக்கச்சார்பு என்ற பொருள் பழையது, ஔவையாரின் நல்வழியில் "மன்றோரஞ் சொன்னார் மனை" (சபையில் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொன்னவர் வீடு) என்று வருகிறதே, அந்த ஓரம். நமது 1978 அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையின் தமிழ்ப் பாடத்திலும் பாரபட்சம் காட்டுவதற்கு ஓரங்காட்டுதல் என்றுதான் இருக்கிறது. ஆளை ஓரங்கட்டுவது என்பது எல்லோரும் பேசும் தமிழ். சார்பும் ஒதுக்கலும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன, சொன்னவரைக் குற்றவாளியாக்கவும் இல்லை. வாய்க்குள் நுழைகிறது என்பது இன்னொரு வசதி.

ஆனால் சொல் மாறினால் போதாது, வரைவில் இருக்கும் வரையறையும் மாற வேண்டும். "பெரும்பான்மையினர் சிறுபான்மையினரிடம் காட்டும்" என்று எழுதியிருக்கிறோம். அக்கா, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நாட்டை எடுத்தால் நாலு பேரில் மூன்று பேர் சிங்களவர். கொழும்பு மாநகரத்தை எடுத்தால் 2001 குடிசன மதிப்பீட்டிலேயே தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பாதிக்கு மேல். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றுக்குள் போனால் கணக்கு இன்னொரு தரம் மாறும். அங்கே வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் "யாழ்ப்பாணத்தில எவடம்?" என்று கேட்கிற வீட்டுக்காரருக்குத் தன் கேள்வி எதைத் தோண்டுகிறது என்று நன்றாகத் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும், சாதி என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வராது (தெரிந்தே கேட்பதால் இது சூ பிரித்ததில் வேண்டுமென்றே செய்யும் வகையோடுதான் சேரும், கைநூலில் கட்டாயம் இருக்க வேண்டிய உதாரணம்). பெண்களோ நாட்டில் பாதிக்கு மேல், பாராளுமன்றத்தில் பத்தில் ஒரு பங்களவு. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலம் முழுக்கக் கறுப்பினத்தவர்கள்தான் பெரும்பான்மை. அதனால் தலைக்கணக்கை விட்டுவிட்டு, "அந்த இடத்தில் பிடி உள்ளவர் பிடி இல்லாதவரிடம்" என்று போடலாம். பிடி என்பது கொச்சையாகப் பட்டால் அதிகாரம் என்று வையுங்கள், எனக்குப் பிடிதான் பிடித்திருக்கிறது.

கொவிட் காலத்தில் முஸ்லிம்களின் சடலங்களைக் கட்டாயமாக எரித்ததை இந்தத் தலைப்பின் கீழ் உதாரணமாகக் காட்டியிருப்பதையும் பாரபட்சம் என்ற பதிவுக்கு நகர்த்த வேண்டும். அது அரசு உத்தரவு போட்டுச் செய்தது. யாரோ யோசிக்காமல் வாய்விட்ட பேச்சோடு அதை ஒரே பக்கத்தில் வைத்தால் வளவாளர்களே குழம்புவார்கள்.

ஓரச்சொல்லில் ஒரு ஓட்டை இருக்கிறது, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பேசாமல் செய்வதை என்ன செய்வது? பஸ்சில் அபாயா போட்டவருக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே போகிறது, கடையில் ஒருவருடைய பையை மட்டும் திறந்து பார்க்கிறார்கள். ஓரப்பார்வை என்று வைக்கலாமென்றால் அது காதல் பாட்டுக்குப் போய்விடும். ஓரச்செயல் என்று ஒரு துணைச்சொல் போடலாமா, அல்லது இரண்டுக்கும் பொதுவாக ஓரங்கட்டல் என்றே விட்டுவிடலாமா? ஓரங்கட்டல் என்றால் திரும்பவும் வேண்டுமென்றே செய்வது போல ஒலிக்கிறது என்பதுதான் என் தயக்கம். சிங்களப் பாடத்தைப் பார்க்கிறவர்கள் அங்கே இதை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று எழுதினால் நல்லது.