பலகையின் ஈரம் 17 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கவில்லை: ஆலோசனை தேவை

மரவேலை அன்பர்களுக்கு வணக்கம். ஒரு பங்களா வளாகத்தில் வெட்டி அகற்றப்பட்ட அராக்காரியா என்னும் ஊசியிலை மரத்தின் அடித்தண்டை, உட்மைசர் எல்டி15 வகைப் பட்டை ரம்பத்தில் 28 மில்லிமீட்டர் பலகைகளாக அறுத்து, சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் ஒரு மரவாடிக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறேன். டிசம்பர் மழையில் அறுத்த பலகைகள் அவை. இப்போது ஜூன், ஊசி வகை ஈரமானி காட்டும் அளவு 17 விழுக்காட்டிலேயே நிற்கிறது.

முனைகளுக்கு மெழுகு பூசினேன். பலகைகளுக்கிடையே 20 மில்லிமீட்டர் சட்டங்களை வைத்து, மேலே பாரம் ஏற்றி, மின்விசிறியும் ஓடவிட்டேன். ஆனாலும் பட்டையை ஒட்டிய வெளிமரத்தில், பூஞ்சையால் வரும் நீலக்கறை படிந்துவிட்டது. இழைப்புளியால் ஒரு சுற்று சீவிய பிறகும் சாம்பல் நீலக் கோடுகள் உள்ளே தெரிகின்றன. கறை மரத்தின் பலத்தைப் பெரிதாகக் குறைக்காது என்பதால், என் கவலை அதைப் பற்றியதன்று.

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், திறந்த கொட்டகையில் மரம் ஏறக்குறைய 16 விழுக்காட்டோடு நின்றுவிடும் என்பது புரிகிறது. குளிரூட்டிய அறைக்கு மேசை செய்ய 10 முதல் 12 வரை வேண்டும். அதற்காகச் சில பலகைகளைப் பிளாஸ்டிக் கூடாரத்தில் ஈரநீக்கியோடு வைத்தபோது, ஈரம் 14க்கு இறங்கியது. ஆனால் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் தோன்றி, அகலப் பலகைகள் குழிந்துவிட்டதால் நிறுத்திவிட்டேன். இந்த மரத்தை வீணாக்க எனக்கு மனமில்லை.

வெடிப்பில்லாமல் 12 விழுக்காட்டை எட்ட, கூடாரத்தின் ஈரப்பதத்தை எந்த அளவில் தொடங்கி, எப்படிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்?