மறு: மறு: டெங்கு கையேடு, அந்த ஒரு சொல்

நண்பர்களே,

செவிலியர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, நாம் இன்னும் 'antibody-dependent enhancement' என்பதற்குத் தமிழில் என்ன போடுவது என்ற ஒரு சொல்லில் நிற்கிறோம். நேற்று பாகூரில் ஒரு ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) அக்காவிடம் வரைவைக் கொடுத்தேன். அதில் அதற்கு இப்போது இருக்கும் 'எதிர்ப்பொருள்சார் மிகைப்பு' என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, "எதிர்ப்பு சக்தி கூடுதுன்னுதானே சார்? நல்லதுதானே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் நடப்பது நேர்மாறு.

டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்தபோது அதை முடக்க உடம்பு செய்துவைத்த எதிர்ப்பொருள் (antibody), பின்னால் வேறு வகை வந்தால் அதன்மேல் ஒட்டும், ஆனால் முடக்காமல் போகலாம். எதிர்ப்பொருளின் வாலைப் பிடிக்கப் பெருவிழுங்கியின் (கிருமிகளை விழுங்கும் வெள்ளணு, macrophage) மேல் ஏற்பிகள் (receptors) இருக்கின்றன, அவை வைரஸையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். இழுத்ததைச் செரிப்பதுதான் அந்தச் செல்லின் வேலை. இந்த வைரஸோ செரிமானத்துக்குத் தப்பி அங்கேயே பெருகுகிறது. ஆய்வாளர்கள் ஹால்ஸ்டெட்டும் ஓ'ரூர்க்கும் 1977-இலேயே இதை வெள்ளணுக்களில் காட்டிவிட்டார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குறைந்துவரும் மாதங்களில் கைக்குழந்தைக்கு முதல் டெங்குவே கடுமையாகலாம் என்பதும் இதனால்தான். செவிலியர்களுக்கு இது புரிந்தே ஆகவேண்டும்.

நெல்லிக்குப்பம் ஐயா குறளின் 89-ஆம் அதிகாரத்திலிருந்து 'உட்பகை விளைவு' என்கிறார். அழகான சொல், ஆனால் எதிர்ப்பொருளுக்குப் பகை ஏது? பிடித்தது, அடக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்புறம் 'எதிர்ப்பொருள்' தவறு, வினைத்தொகையில் வல்லினம் மிகாது, 'எதிர்பொருள்' என்றே எழுதவேண்டும் என்று நான்கு மடல். ஐயா, அப்படி எழுதினால் 'எதிர்காலம்' போல 'எதிர்வரும் பொருள்' என்றும் படிக்க இடமிருக்கிறது. எதிர்க்கட்சியில் மிகுவதுபோல இங்கேயும் மிகட்டும். எதிர்ப்பொருளுக்கு யாழ்ப்பாணத்து அக்கா சொல்லும் 'பிறபொருளெதிரி' பொருளில் துல்லியமானது, அங்கே பாடநூலிலேயே இருக்கிறது. ஆனால் இங்கே நம் செவிலியர்கள் அதைக் கேட்டதே இல்லை.

என் முன்மொழிவு: 'எதிர்ப்பொருள்வழி வைரஸ் பெருக்கம்'. 'வழி' என்றால் 'மூலம்' என்றும் ஆகும், பாதை என்றும் ஆகும், இரண்டுமே இங்கே உண்மை. கூடுவது எது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. 'வைரஸ்' இருக்கக்கூடாது, 'தீநுண்மி' போடு என்பவர்கள் ஒருமுறை காய்ச்சல் வார்டில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

இன்று காலை அதே அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ அதுவே உள்ள கூட்டிட்டுப் போவுதா?" என்றார்.

கடலூர் டாக்டர் மட்டும் ஒப்பவில்லை. வைரஸ் பெருகுவது பாதிதான், அந்தச் செல்லின் இன்டர்ஃபெரான் எச்சரிக்கை (வைரஸ் வந்ததைப் பக்கத்துச் செல்களுக்குச் சொல்லும் புரதம்) அமுங்குவதும் நோய் கடுமையாவதும் இந்தச் சொல்லுக்குள் வரவில்லை என்கிறார். சரிதான், என்னிடம் பதில் இல்லை. அதை அடுத்த வரியில் விளக்கமாக எழுதியிருக்கிறேன். வியாழன் மாலைக்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன்.