பர்கண்டி ஆட்டத்தில் மறக்க முடியாத ஒரு நகர்வு: உங்கள் அனுபவம் என்ன?

ஒற்றைப்பகடை:
'தி காசில்ஸ் ஆஃப் பர்கண்டி', பகடை உருட்டி அவரவர் பலகையில் சில்லுகளை வைக்கும் பலகை ஆட்டம். நான்கு பேர், ஐந்தாவதும் கடைசியுமான கட்டத்தின் கடைசிச் சுற்று. என் ஆறு இட மேய்ச்சல் நிலத்தில் ஒரே ஓர் இடம் காலி. அதன் எண் 6, அதாவது அங்கே வைக்கப் பகடையில் 6 வேண்டும். ஆட்டுச் சில்லு கையிருப்பில் தயாராகக் காத்திருந்தது. உருட்டினேன். 1, 1. கையில் பகடை எண்ணை ஒன்றால் மாற்றும் வேலையாள் சில்லு ஒன்று இருந்தது. ஒன்றைக் கூட்டினால் 2, அதனால் என்ன பயன் என்று இரண்டு பகடைகளையும் கொடுத்து நான்கு வேலையாட்களை வாங்கிக்கொண்டேன். பலகையை அள்ளிப் பெட்டியில் போடும்போது எதிரே இருந்தவர் சொன்னார்: "1-லிருந்து ஒன்றைக் குறைத்தால் 6 ஆகுமே, தெரியாதா?" நிலம் நிறைந்திருந்தால் 21 புள்ளி, ஐந்தாம் கட்டத்தில் நிறைத்ததற்கு 2, ஆட்டுக்குத் தனி. நான் தோற்றது ஒன்பது புள்ளியில். ஐந்து வேலையாட்களுக்குக் கிடைத்தது இரண்டே புள்ளி. அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கிடங்குக்காரர்:
பகடையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? கடைசிச் சுற்றுவரை ஓர் எண்ணை நம்பி உட்கார்ந்ததுதான் தவறு. எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது, அதை விடுங்கள். முதல் கட்டத்திலேயே சுரங்கம் வையுங்கள். அப்போது வைத்த சுரங்கம் ஆட்டம் முடிவதற்குள் ஐந்து வெள்ளிக்காசு தரும். கடைசிக் கட்டத்தில் வைத்தால் ஒன்றே ஒன்று. இரண்டு காசு சேர்ந்தால் நடுக் கிடங்கில் பகடை இல்லாமலே ஒரு சில்லு வாங்கலாம், ஒரு முறைக்கு ஒன்றுதான். கப்பலை அலட்சியப்படுத்தாதீர்கள்; சரக்கும் வரும், அடுத்த சுற்றில் முன்வரிசையும் கிடைக்கும். குறைந்தது இரண்டு வேலையாட்கள் எப்போதும் கையில் இருக்க வேண்டும். சிறிய நிலங்களை முதலில் முடித்துவிடுங்கள்: முதல் கட்டத்தில் நிறைத்தால் கூடுதலாக 10, ஐந்தாவதில் 2. இதையெல்லாம் செய்திருந்தால் அந்த ஆறு தேவையே பட்டிருக்காது.

சாய்ந்த கோபுரம்:
கிடங்குக்காரரே, அவர் பகடையைக் குறை சொல்லவே இல்லை. விதி தெரியாமல் போனதைத்தான் எழுதியிருக்கிறார். படித்துவிட்டுப் பாடம் நடத்துங்கள்.

என் கதை அம்மாவோடு. இருவர் ஆட்டம். எனக்கு நகர மன்றச் சில்லு தேவையில்லை, என் நகரத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஒரே நகரத்தில் இரண்டாவது வைக்க முடியாது. ஆகவே கிடங்கிலேயே விட்டுவிட்டேன். அம்மா எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த முறை 3 உருட்டிக் கோட்டையை வைத்தார். கோட்டை எந்த எண்ணாகவும் ஒரு கூடுதல் நகர்வு தரும் அல்லவா, அதில் நகர மன்றம். நகர மன்றம் கையிருப்பிலிருந்து இன்னொரு சில்லை வைக்கவிடும், அதில் பன்றி. ஏற்கெனவே நான்கு பன்றிகள் நின்ற நிலத்தில் மூன்று பன்றிகள்: மூன்றும் நான்கும் ஏழு புள்ளி. ஒரே பகடையில் மூன்று சில்லுகள்! அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது பகடையை விரலால் தட்டிக்கொண்டே, "இன்னும் ஒன்று இருக்கிறது, பொறு" என்றார். பயன்படாவிட்டாலும் அந்தச் சில்லை நான் எடுத்துத் தடுத்திருக்க வேண்டும். இப்போதும் உறுத்துகிறது.

கிடங்குக்காரர்:
படித்தேன். ஆனாலும் சுரங்கம் வைத்திருக்க வேண்டும்.

ஒற்றைப்பகடை:
என் பலகையில் மூன்று சுரங்கங்கள் இருந்தன, ஐயா. கடைசிச் சுற்றில் கையில் நான்கு காசும் இருந்தது. காசு பகடை எண்ணை மாற்றாதே. சாய்ந்த கோபுரம், அம்மா அந்த இரண்டாவது பகடையை வைத்து என்ன செய்தார்?