டாக் அடிக்கும்போது படகு நடுவில் நின்றுவிடுகிறது, அவசர உதவி தேவை

உப்புக்காற்று:
அண்ணைமாருக்கு வணக்கம், திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். அடுத்த வருடம் நானும் மச்சானும் பாய்ப்படகில் அந்தமான் போக எண்ணி மூன்று மாதமாகப் பழகுகிறோம். மற்றதெல்லாம் பரவாயில்லை, காற்றுக்கு எதிராக ஏறி டாக் அடிக்கும்போதுதான், அதாவது அணியத்தை (படகின் முன்முனையை) காற்றைத் தாண்டி மறுபக்கம் திருப்பும்போதுதான் பிரச்சினை. அணியம் காற்றுக்கு நேரே வந்ததும் படகு அப்படியே நின்றுவிடுகிறது, பாய் இரண்டும் படபடவென்று அடிக்கிறது, பிறகு பழைய பக்கத்துக்கே விழுகிறது. பத்துத் தடவையில் ஏழு தடவை இப்படித்தான். கெதியாகச் சொல்லுங்கள், ஞாயிறு திரும்ப இறங்குகிறோம்.

கொட்டியாரக்குடா:
என்ன படகு? நீளம்? நடுப்பலகை (படகு பக்கவாட்டில் அள்ளுண்டு போகாமல் நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) உள்ளதா? எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு ஓடுகிறீர்கள்? இது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

நிலாவெளிக்காரன்:
அடியைப் பாருங்கள். தண்ணீரிலேயே கட்டி வைத்தால் பாசியும் சிப்பியும் பிடித்துவிடும். வேகமில்லாத படகு திரும்பாது. கரையேற்றிச் சுரண்டுங்கள், இது அடிதான்.

மூத்தமாலுமி:
அந்தமான் ஏறக்குறைய 700 கடல் மைல். 5 நொட்டில் (மணிக்கு 5 கடல் மைல்) ஓடினாலும் ஆறு நாள், இரவும் பகலும். டாக் அடிக்கத் தெரியாதவர் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பாய் குறைக்கத் தெரியுமா? கடலில் விழுந்தவரைத் திரும்பிப் போய்த் தூக்கப் பழகினீர்களா? விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் அலைவரிசையில் (ஆபத்து அழைப்புக்கானது) உதவி கேட்கத் தெரியுமா? வருடக்கணக்காக இதையே சொல்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை.

கொட்டியாரக்குடா:
ஐயா, அவர் பழகத்தானே கேட்கிறார். தம்பி, விபரம் தாருங்கள்.

உப்புக்காற்று:
மன்னிக்கவும். பழகுவது 16 அடி ஃபைபர், பயணத்துக்கு வேறு படகு. பெரிய பாய், முன்பாய், நடுப்பலகை தூக்கி இறக்கலாம். உப்புவெளிக் கரையில் இருந்து காலையில் இறங்குகிறோம்.

கொட்டியாரக்குடா:
முதலில் ஒன்று. இது கச்சான் (தென்மேற்குக் காற்று) காலம், காற்று கரையில் இருந்து கடலுக்குத் தள்ளும். கரையோரம் தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் திரும்பி வருவதென்றால் காற்றை எதிர்த்தே வரவேண்டும். டாக் சரிவராத படகு வங்காள விரிகுடாவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். துணைக்கு ஒரு எஞ்சின் வள்ளம் இல்லாமல் ஞாயிறு இறங்க வேண்டாம், உயிர்க்கவசம் போடுங்கள்.

அப்புறம் டாக். திருப்ப முன் அணியத்தைக் காற்றில் இருந்து கொஞ்சம் விலக்கி நல்ல வேகம் எடுங்கள். சுக்கானை ஒரேயடியாகத் தள்ளினால் அதுவே பிரேக், சீராகத் தள்ளுங்கள். முன்பாய்க் கயிற்றை உடனே விடாதீர்கள். அணியம் காற்றைத் தாண்டும்போது அந்தப் பாய் மறுபக்கக் காற்றை வாங்கி அணியத்தைத் தள்ளிவிடும், பிறகு விட்டு அடுத்த பக்கம் இழுங்கள். அப்படியும் நின்றுவிட்டால் பதறாதீர்கள், படகு பின்னுக்கு ஓடத் தொடங்கும், அப்போது சுக்கான் எதிர்மாறாக வேலை செய்யும். நடுப்பலகை முழுதாக இறங்கியிருக்கிறதா?

நிலாவெளிக்காரன்:
அதெல்லாம் சரி, அடியையும் பாருங்கள். தூரப் பயணத்துக்கு இரண்டு ஜிபிஎஸ் வாங்குங்கள், வேறொன்றும் வேண்டாம்.

மூத்தமாலுமி:
பற்றரி செத்தால்? வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அத்திலாந்திக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் போய்ச் சேர்ந்தது, ஜிபிஎஸ் வைத்தா? துருவ நட்சத்திரம் பார்க்கப் பழகுங்கள்.

நிலாவெளிக்காரன்:
துருவம் திருகோணமலையில் அடிவானத்துக்கு மேல் எட்டரைப் பாகைதான். புகார் மூட்டம் இருந்தால் தெரியவே தெரியாது. தெரிந்தாலும் வடக்குத் தெற்கு நிலைதான் சொல்லும், கிழக்கே எவ்வளவு வந்தோம் என்று சொல்லாது.

மூத்தமாலுமி:
அதற்குத்தான் செக்ஸ்டன்ட்டும் (சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் கருவி) சரியான மணிக்கூடும். பகலில் சூரியனும் இருக்கிறது. படிக்காமல் வாதாடுகிறீர்கள்.

நிலாவெளிக்காரன்:
ஆடும் சிறு படகில் நின்று சூரியனைக் குறி பிடித்துப் பாருங்கள் ஐயா, பிறகு பேசலாம்.

கொட்டியாரக்குடா:
இரண்டும் வேண்டும். மணிக்கொரு தடவை திசையையும் வேகத்தையும் கொப்பியில் எழுதினால் எது செத்தாலும் எங்கே நிற்கிறோம் என்று ஓரளவு தெரியும். தம்பி, நடுப்பலகை?

உப்புக்காற்று:
ஞாயிறு போய் வந்தோம், மச்சானின் தம்பி வள்ளத்தோடு பக்கத்தில் வந்தார். கரையில் தட்டும் என்ற பயத்தில் நடுப்பலகையைப் பாதி தூக்கியே வைத்திருக்கிறோம், அது பிழை. முன்பாயையும் அவசரப்பட்டு விட்டுவிட்டோம். 12 டாக்கில் 10 திரும்பியது. நன்றி அண்ணை.

நிலாவெளிக்காரன்:
அடியைச் சுரண்டினீர்களா?